கண்டத எழுதவா, டீச்சர்?

14 ஜூலை, திங்கள்
பன்னிரண்டாம் வகுப்பு இரசாயனச் செய்முறைக் கொப்பிகளைத் திருத்தினேன். அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் அளவைக் குறிக்கும் நியமிப்புப் பாடம். எல்லாக் கொப்பியிலும் ஒரே விடை, ரியூஷன் நோட்டில் இருக்கும் விடை. ஸம்ஸியாவுக்கு மட்டும் வேறு. பக்கம் முழுக்க வெட்டுக்கோடு. பிழைச்சா அழிக்காதீங்க, ஒரு கோடு போட்டுட்டுப் பக்கத்தில எழுதுங்க என்று சொன்னவள் நான்தானே?

15 ஜூலை
அதிபர் ஜவுபர் சேர் கூப்பிட்டார். "வலயக் கல்வி ஒபிஸால பார்க்க வாறாங்க டீச்சர். இந்த வெட்டுக் குத்த ஆருக்குக் காட்டுற? எல்லாருக்கும் புதுக் கொப்பியில வடிவா எழுதக் குடுங்க."
"ஓம் சேர்" என்றுவிட்டு வந்தேன். ஏலாது என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை?

16 ஜூலை
புதுக் கொப்பி என்றதும் ஸம்ஸியா எழும்பினாள். "நான் கண்டத எழுதவா டீச்சர், மத்தவங்க எழுதினத எழுதவா?"
வகுப்பு சிரித்தது. கோபம் அவளில் இல்லை, ஆனா அவளிலதான் விழுந்திச்சி. "அளக்கத் தெரியாட்டி கலைப்பிரிவுக்குப் போங்க!"
என்ன கதைச்சிட்டன் நான்.

21 ஜூலை
ஸம்ஸியா இன்றும் வரவில்லை. கலைப்பிரிவுக்கு மாறப்போகிறாளாம்.

22 ஜூலை
பள்ளிக்கூடம் விட்ட பிறகு அதே போத்தல் அமிலத்தை எடுத்து நானே செய்து பார்த்தேன். ஸம்ஸியாவின் அளவுதான் வந்தது. திரும்பச் செய்தேன், அதேதான். அமிலத்தைக் கரைத்து வைத்தவள் நான். நான்தான் பிழையாகக் கரைத்திருக்கிறேன். கண்டதை எழுதின ஒரே பிள்ளையை விரட்டிவிட்டேன். யா அல்லாஹ்.

23 ஜூலை
பஸ் ஏறி நிந்தவூருக்கு, அவள் வீட்டுக்குப் போனேன். அவளின் உம்மா ஹாஜறா தேத்தண்ணி தந்தா. ஸம்ஸியா முகம் பார்க்கவில்லை.
"பிழை என்ட அமிலத்தில புள்ள. உங்கட அளவு சரி."
தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்தாள். பிறகு, "இத வகுப்பில சொல்லுவீங்களா?"

24 ஜூலை
சொன்னேன். அவள் வந்திருந்தாள். புதுக் கொப்பி எழுத வைக்கமாட்டேன் என்று சேரிடமும் சொன்னேன்.
"அப்ப வாறவங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

29 ஜூலை
வலயத்திலிருந்து வந்தார்கள். 'கொப்பிகளில் ஒழுங்கில்லை' என்று என் பெயருக்கு நேரே எழுதிவிட்டுப் போனார்கள். சேர் என்னோடு கதைப்பதில்லை.

4 ஆகஸ்ட்
அடுத்த பரிசோதனைக் கொப்பிகள் வந்தன. ஆளுக்கொரு விடை. ஸம்ஸியாவுக்குப் பக்கத்து மேசை ஸம்றா தன் அளவைக் கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: 'நிறம் மாறினதைப் பார்க்கவில்லை. ஸம்ஸியாவுடன் கதைத்துக்கொண்டிருந்தேன்.'