செல்லாமல் போன ஏழு கோல்கள்

சுங்குவார்சத்திரம்,
23.11.2025

அன்புள்ள செல்விக்கு,

அன்று புருஷோத்தமன் சாரிடம் நான் ஒரு வரியைச் சொல்லாமல் விட்டேன். யாரிடமும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இடுப்பு வலி தேவலையா? ஹாஸ்டலில் உன் கட்டிலை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. வார்டன் கேட்கும்போதெல்லாம், வந்துவிடுவாள் என்கிறேன்.

கம்பெனியில் கால்பந்துப் போட்டி நடந்தது. அசெம்பிளி, பெயிண்ட் ஷாப், ஸ்டோர்ஸ், பேக்கிங் என்று நான்கு அணிகள். முதலிடம் பிடிக்கும் அணி புனே தலைமை ஆலைக்குப் போகும். உலகக் கோப்பைக்கு நாடுகள் தகுதி பெறும் விதிகளையே வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தவர் நம் சூபர்வைசர் புருஷோத்தமன்தான். அசெம்பிளி அணி அவருடையது. புத்தகம் படிக்கிறவள் என்று விதிகளைத் தமிழில் எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். நான்கு பக்கம். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

நீயும் படிக்காமல்தான் போட்டாய். திருகு முடுக்காமல் போன பெட்டிகள் அவர் அவசரத்தில் அனுப்பியவை; பழி மட்டும் உன் மேல் விழுந்தது. "ஒரு வாரம் லீவு எட்துக்கினு வாம்மா, இதுல ஒரு கையெழுத்து" என்று அவர் நீட்டிய தாள் உன் ராஜினாமாவாக இருந்தது. அதை நான் ஒருநாளும் மறக்கவில்லை.

அசெம்பிளி பேக்கிங்கை ஏழுக்குப் பூஜ்யம் என்று வென்றது. மற்ற இரண்டும் சமன். மொத்தம் ஐந்து புள்ளி. பெயிண்ட் ஷாப்புக்கு நான்கு. பேக்கிங்கோடு ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டம் பாக்கி. அதில் ஜெயித்தால் முதலிடம் அவர்களுக்கு. பென்னலூர் பஸ் நிறுத்தத்தில் "புனே செல்லும் புருஷோத்தமன்" என்று ஃப்ளெக்ஸ் வைத்தாகிவிட்டது.

கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "இன்னா லேகா, பேக்கிங் பசங்க வரலன்னா பெயிண்ட் ஷாப்புக்கு ஓசில மூணு பாயிண்ட்டா?" என்றார்.

"அன்னைக்கு மட்டும் வரலைன்னா மூணு பாயிண்ட் சார். போட்டியை விட்டே விலகிட்டா அவங்களுக்கு ஒண்ணும் கிடையாது" என்றேன்.

விலகிய அணியோடு ஆடிய எல்லா ஆட்டங்களும் செல்லாது என்பதுதான் அடுத்த வரி. நான் மோரைக் குடித்தேன்.

மறுநாளே பேக்கிங் ஆட்கள் அத்தனை பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. போட்டார். அவர் கேட்டபடியே அவர்கள் கேப்டன் மாசானம் போட்டியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தான். "ஏழு வாங்கியாச்சு, எட்டாவதுக்கு என்ன அவசரம்க்கா" என்று என்னிடம் சிரித்தான்.

திங்கட்கிழமை ஹெச்.ஆர். சுபஸ்ரீ மேடம் எல்லோர் முன்னாலும் விதியை வாசித்தார். பெயிண்ட் ஷாப் நான்கு, அசெம்பிளி இரண்டு.

"ஏழு கோல் போட்டமே மேடம், அது இன்னா ஆச்சு?"

"பேக்கிங்னு ஒரு டீமே இப்ப இல்லையே சார். கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு."

ஸ்டோர்ஸ் பக்கமிருந்து ஒரு குரல்: "சார், புனேல குளுராமே, ஸ்வெட்டர் வாங்கிட்டியா?"

புருஷோத்தமன் சார் என் பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா சொல்லல?"

"நீங்க பெயிண்ட் ஷாப்பைப் பத்தித்தான் கேட்டீங்க சார்."

அன்று மதியம் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன், செல்வி. மாலையில் வேண்டுமென்றே பென்னலூரில் இறங்கி, அவர் மைத்துனன் ஃப்ளெக்ஸைச் சுருட்டுவதைக் கடைசிவரை நின்று பார்த்தேன்.

உன் வேலையைத் திரும்பக் கேட்டு லேபர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். லைனில் இரண்டு பேர் சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார்கள். முழுவதும் படி, இரண்டு முறை படி. பிறகு கையெழுத்திட்டு அனுப்பு. முடிந்தால் நீயே கொண்டு வா.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
சந்திரலேகா

பி.கு.: பெயிண்ட் ஷாப் புனேயில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது. புருஷோத்தமன் அதே லைனில் சூபர்வைசராக இருக்கிறார். உன் இடத்தில் வியாழக்கிழமை முதல் சந்தனமாரி என்றொரு பெண் நிற்கிறாள்.