வெயில் என்றொரு சரக்கு

அக்கா,

இன்று காலை உங்கள் லேப்டாப்பைத் திறந்தபோது விசைகளுக்கு இடையிலிருந்து வடக வாசனை வந்தது. விளக்கெண்ணெய், வெங்காயம், பூண்டு, கொஞ்சம் வெந்தயக் கசப்பு. வடகம் உருட்டிய கையோடு வந்து உட்கார்ந்து தட்டுவீர்கள். கை கழுவிவிட்டு வாருங்கள் என்று சொல்ல மூன்று வருடமாக நினைத்து ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது அதில் நான் தட்டுகிறேன். என் கையும் அப்படித்தான் இருக்கிறது.

உங்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் நேரே விஷயத்துக்கு வர மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் வடகக் கடைக்கு வேலை கேட்டு வந்த முதல் நாளும் அப்படித்தான். அம்பகரத்தூரிலிருந்து காரைக்காலுக்கு பஸ் ஏறி, சர்டிபிகேட் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். அப்பா லோடு வேன் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நீங்கள் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன்.

"பேச வருமா, வராதா?"

"வரும்."

"அது போதும். ஃபோன நான் எடுத்துக்குறேன். வாயில்லாத வேலையெல்லாம் நீ எடுத்துக்க."

அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டோம். மொட்டைமாடியும் வாடிக்கையாளர்களின் ஃபோனும் உங்களுக்கு. படம் எடுப்பது, பாக்கெட் போடுவது, முகவரி ஒட்டுவது, மின்னஞ்சல் எழுதுவது எனக்கு. வெப்சைட்டில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று எண் போடுவதும் உங்கள் வேலை. காலையில் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் இந்த லேப்டாப்பில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு மூடுவீர்கள். என்ன என்று நான் கேட்டதில்லை.

வெயில் காட்டாமல் பாக்கெட் போடக்கூடாது என்பது மட்டும் நம் கடையில் எழுதாத சட்டம். வடகமும் மோர்மிளகாயும் வற்றலும் சித்திரை வெயிலில் காய்ந்து டின்னில் கிடப்பவைதான். இருந்தாலும் ஆர்டர் வந்ததும் எடுத்துத் தட்டில் பரப்பி, மதியம்வரை மாடியில் வைத்து, அதன்பிறகுதான் கட்ட வேண்டும். "ஏற்கெனவே காஞ்சதுதானேக்கா" என்று ஒருமுறை கேட்டேன். "டின்னுக்குள்ளேர்ந்து வர்றது சோம்பலா இருக்கும்டி. ஒரு வெயில் காட்டி அனுப்பு, போற எடத்துல பூஞ்ச பூக்காது" என்றீர்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் தம்பியோடு பாரிஸுக்குப் போகவில்லை என்று ஊரே கேட்டபோதும் வெயிலைத்தான் காரணம் சொன்னீர்கள். "அங்க போயி வடகத்த எதுல காய வைப்பேன், வீட்டச் சூடாக்குற ரேடியேட்டர்லயா?"

புரட்டாசியில் நீங்கள் எங்களை விட்டுப் போனதும் கடையை மூடி வைத்தோம். முப்பதாம் நாள் பூசைக்கு வந்த உங்கள் தம்பி, கடைக்குள் அடுக்கியிருந்த டின்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதே வாரம், நம் வெப்சைட்டை வைத்திருக்கும் தளத்துக்காரர்களிடமிருந்து மின்னஞ்சல். அவர்கள் சேவையை நிறுத்தப்போகிறார்கள், வருட முடிவுக்குள் எல்லாவற்றையும் வேறு தளத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

"புதுசுக்கு மாத்திப் பாருங்க" என்றார் தம்பி. "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம். ஒழுங்கா ஓடுச்சுன்னா வச்சிப்போம். இல்லன்னா மூடிடலாம்மா. பாரிஸ்லேர்ந்து என்னால இதப் பாத்துக்க முடியாது."

கடை மூடினால் எனக்கு வேறு வேலை கிடைக்காது என்றில்லை. ஆனால் கடையோடு என்னையும் சேர்த்து மூடுவதாகத் தோன்றியது. சரி என்று தலையாட்டினேன்.

தளம் மாற்றும் வேலை எனக்குப் பிடித்திருந்தது அக்கா. எது கூட வரும், எது வராது என்று தெரிந்துகொள்வதே சுவாரஸ்யமாக இருந்தது. பெயர், விலை, படம், முகவரி எல்லாம் ஒரே கோப்பில் இறங்கி மறுபக்கம் ஏறிவிடும். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு மட்டும் வராது. அது யார் கண்ணுக்கும் தெரியாதபடி பூட்டப்பட்டிருப்பதால் ஒவ்வொருவரும் புதிதாகத்தான் போட வேண்டும். நான் எடுத்த படங்களில் பாதியில் உங்கள் முழங்கை இருக்கிறது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். வெட்டவில்லை. மோர்மிளகாய்க்கு நீங்கள் எழுதிய விவரத்தையும் திருத்தவில்லை: "காரம் தாங்காதவர்கள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கவும்."

குப்பையை மட்டும் விட்டுவிட்டேன். யார் கண்ணிலும் படாதபடி மறைத்து வைத்த சரக்குகள் சில இருந்தன. 'டெஸ்ட்', 'டெஸ்ட் 2', 'சும்மா', 'வெயில்'. எல்லாம் நீங்கள் பழகிப் பார்க்கப் போட்டவை என்று நினைத்து, எதையும் புதிய தளத்துக்குக் கொண்டுபோகவில்லை.

கார்த்திகை முதல் வாரம் புதிய கடையைத் திறந்தேன். வெளியே அடைமழை. மதியத்துக்குள் ஃபோனில் அறிவிப்பு ஓயாமல் மணியடித்தது. ஆர்டர், மேலும் ஆர்டர். தளம் நன்றாக ஓடுகிறது என்று உங்கள் தம்பிக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினேன். அவர் கட்டைவிரலை உயர்த்திப் பதில் போட்டார்.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வடகம் பிடிக்க வரும் செல்வி அக்கா, பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா, மழையில ஆர்டரா?"

"ஆமாக்கா, நெறைய."

"மழையில யாரும் கேக்க மாட்டாங்களே. அக்கா இருந்த காலத்துல மழைன்னா நமக்கு லீவுதானே."

உண்மைதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மூன்று மழைக்காலத்திலும் மழை நாளில் ஓர் ஆர்டர்கூட வந்ததில்லை. மழை பெய்தால் யாரும் வடகம் கேட்க மாட்டார்கள் என்பது எனக்கு இயற்கை விதி மாதிரி இருந்தது. செல்வி அக்கா சொன்ன பிறகுதான் யோசித்தேன். மழை காரைக்காலில்தானே? கோயம்புத்தூரில் இருப்பவர் ஏன் கேட்காமல் இருந்தார்? பாரிஸில் இருப்பவருக்கு நம் மழை எப்படித் தெரிந்தது?

பழைய தளம் இன்னும் மூடவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். மழை நாளில் நான் ஆர்டர் பட்டியலைத்தான் பார்ப்பேனே தவிர, கடையின் முகப்பைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு சரக்காகத் திறந்தபோது புரிந்தது. சோப்பு வாங்கினால் டப்பாவும் சேர்த்துத் தருவார்களே, அந்தக் காம்போ போல நம் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் நீங்கள் காம்போவாகப் போட்டிருந்தீர்கள். ஒரு வடகம், ஒரு வெயில். ஒரு மோர்மிளகாய், ஒரு வெயில். இரண்டில் எது தீர்ந்தாலும் தளம் 'தற்போது இல்லை' என்று காட்டிவிடும். டின்னில் எவ்வளவு கிடந்தாலும், வெயில் பூஜ்ஜியம் என்றால் கடை மூடியிருக்கும். அந்தக் காம்போ இணைப்பு கோப்பில் இறங்காததால்தான் புதிய கடை மழையிலும் விற்றது.

நான் குப்பை என்று விட்டுவந்த அந்தச் சரக்கைத் திறந்தேன். பெயர்: வெயில். விலை: பூஜ்ஜியம். எடை: பூஜ்ஜியம். வரி: இல்லை. வகை என்ற இடத்தில் 'மூலப்பொருள்' என்று போட்டிருந்தீர்கள். படமாக நம் மாடித் தரை, அதில் உங்கள் நிழல். இருப்பு என்ற இடத்தில், நீங்கள் கடைசியாகப் போட்ட வெயிலில் பதினொன்று மிச்சம் இருந்தது.

வெகுநேரம் சிரித்தேன் அக்கா. செல்வி அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்குள் ஆர்டர்கள் குவிந்திருந்தன. புதிய கடையைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு உங்கள் தம்பிக்கு ஃபோன் செய்தேன். நானாக அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"டின்னுல சரக்கு இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்பறம் என்னம்மா, அனுப்ப வேண்டியதுதானே."

"வெயில் காட்டலைங்க சார்."

"வெயில யாரு கேட்டா? வடகத்ததானே கேட்டாங்க."

"காட்டாம அனுப்பினா போற எடத்துல பூஞ்ச பிடிச்சிரும்."

"பிடிச்சா பாத்துக்கலாம். தொறந்த அன்னிக்கே சரக்கு இல்லன்னு சொன்னா அது கடையா? நான் மூடிடலாம்னு சொன்னது இதுக்குத்தான்."

மழை ஜன்னலில் அடித்தது. அந்தப் பக்கம் அவருக்கும் அது கேட்டிருக்கும்.

"அனுப்ப மாட்டேன் சார்" என்றேன்.

"நீங்க வாயே தொறக்க மாட்டீங்கன்னு அக்கா சொன்னாங்களே" என்றார். "சரி. அப்ப ஆர்டர் போட்ட எல்லாருக்கும் நீங்களே ஃபோன் போட்டுச் சொல்லுங்க."

மின்னஞ்சல் அனுப்புகிறேன் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

ஃபோன் செய்தேன். முதல் எண்ணை மூன்று முறை அழுத்தி மூன்று முறையும் மணி அடிக்குமுன் வைத்தேன். நான்காவது முறை எதிர்ப்பக்கம் சட்டென்று எடுத்துவிட்டார்கள். வெயில் இல்லை, அதனால் பொருள் தாமதமாகும் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். கோயம்புத்தூர்க்காரர் சிரித்தார். "இங்க கொளுத்துதுங்க. எடுத்துட்டு வாங்க, எங்க மாடியில காய வச்சுக்கலாம்." ஒருவர், "கடை நடத்துறீங்களா, வானிலை ஆபீஸ் நடத்துறீங்களா?" என்று கேட்டு ஆர்டரை ரத்து செய்தார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

பிரான்ஸில் குடியேறி, அங்கிருந்து வழக்கமாக வாங்கும் நம் ஊர் மதாமை நினைவிருக்கிறதா? உங்களோடு ஞாயிற்றுக்கிழமை மணிக்கணக்கில் பேசுவாரே. அவரைக் கடைசியாக வைத்திருந்தேன்.

"ஆலோ. காரைக்கால்லேர்ந்தா? மழையா? நல்ல மழையா, சும்மா தூறலா?"

"நல்ல மழைங்க."

"ரோட்டுல தண்ணி நிக்கிதா?"

"கணுக்கால் அளவுக்கு நிக்கிதுங்க."

"மெர்சிம்மா" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார், நான் ஏதோ பரிசு அனுப்பியது போல. "வடகம் மெல்ல வரட்டும். ஆத்துல தண்ணி வருதா, அதச் சொல்லு."

ஆற்றைப் பற்றிச் சொன்னேன். குளத்தைப் பற்றி, பஸ் வராததைப் பற்றி, செல்வி அக்காவின் பிளாஸ்டிக் சாக்கைப் பற்றிச் சொன்னேன். பேச எனக்கு இவ்வளவு இருக்கிறது என்பதே ஆச்சரியமாக இருந்தது. ஃபோனை ஏன் நீங்களே வைத்துக்கொண்டீர்கள் என்று அன்று லேசாகப் பொறாமைகூட வந்தது.

அன்று சாயங்காலம் புதிய தளத்தில் 'வெயில்' என்ற சரக்கைச் சேர்த்தேன். விலை, எடை, வகை, படம் எல்லாம் உங்களுடையதே. எவ்வளவு இருப்பு என்று தளம் கேட்டது. மழையில் பூஜ்ஜியம்தான் போட்டிருக்க வேண்டும். ஆனால் மாற்றுகிறவள் உள்ளதை உள்ளபடி மாற்ற வேண்டும் அல்லவா? பதினொன்று என்று போட்டேன். நிறுத்தி வைத்திருந்த கடையை மறுபடி திறந்து, மற்ற சரக்குகளை மறுநாள் அதோடு இணைத்துக்கொள்ளலாம் என்று அதுவரை 'தற்போது இல்லை' ஆக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். வெயிலை மறைத்து வைக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஓர் ஆர்டர் வந்திருந்தது. வெயில், ஒன்று. தொகை பூஜ்ஜியம். பாரிஸ் முகவரி. பெயரைப் பார்த்தேன், உங்கள் தம்பி. குறிப்பு எழுதும் கட்டத்தில் இப்படி இருந்தது: "இங்கே வெயில் சுத்தமாக இல்லை. கிறிஸ்துமஸுக்குள் வர வேண்டும் என்று அவசரம் ஒன்றும் இல்லை. மெதுவாக அனுப்புங்கள்."

அதன்பிறகு அவர் கடையை மூடுவதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து வானம் வெளுத்தது. எல்லாப் பாக்கெட்டும் வெயில் கண்டு போய்ச் சேர்ந்தது. இப்போது காலையில் நான்தான் மாடிக்குப் போகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நிற்கிறேன், நீங்கள் நிற்பதைப் போலவே கடல் பக்கம் பார்த்தபடி. பிறகு இறங்கி வந்து ஓர் எண் போடுகிறேன். இங்கேதான் என் கேள்வி. காலையிலேயே அந்த நாளின் வெயிலை எப்படி எண்ணினீர்கள்? தண்ணீர்த் தொட்டியின் நிழல் எத்தனை தட்டை விட்டுவைக்கும் என்று கணக்குப் பார்த்தேன். முப்பது போட்ட அன்று பதினொரு மணிக்கு மேகம் மூடிக்கொண்டது. பயந்து பத்து போட்ட அன்று சாயங்காலம்வரை சுட்டெரித்தது. காற்றைப் பார்த்தீர்களா, தரையின் ஈரத்தையா, பக்கத்து வீட்டில் துணி காயப்போடும் நேரத்தையா? அல்லது எனக்குத் தெரியாமல் நீங்களும் தினமும் தப்பாகத்தான் போட்டீர்களா? ஒவ்வொரு நாளும் ஒன்றை மாற்றிப் பார்க்கிறேன். அலுக்கவே இல்லை.

மற்ற சரக்குகளை வெயிலோடு இணைத்து, வெயிலை மறைத்தும்விட்டேன். உங்கள் தம்பியின் ஆர்டரை மட்டும் ரத்து செய்யவில்லை. அனுப்பவும் வழி தெரியவில்லை. அது உங்கள் பதினொன்றிலிருந்து போக வேண்டியது. லேப்டாப்பைத் திறந்ததும் புதிய தளம் தினமும் எனக்கு நினைவூட்டுகிறது: ஓர் ஆர்டர் இன்னும் அனுப்பப்படவில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டு, அன்றைய எண்ணைப் போட மாடிக்குப் போகிறேன்.