நைனாவின் தகரக் குவளை

ஜூன் 4, 1934. திங்கள்

நைனா பகலில் துறைமுகத்தில் கரி இறக்குகிறார். சாயங்காலம் டோல்கேட் கள்ளுக்கடையில் ஏற்றுகிறார். பெற்ற அப்பனைப் பற்றி இப்படிக் குழாயடியில் சொன்னேன். வேம்பு குடத்தையே கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தால் யாரும் என் வீங்கிய கன்னத்தைப் பார்ப்பதில்லை.

ஜூன் 6

ராயபுரம் மார்க்கெட் சுவரில் ஒரு நோட்டீஸ். ‘குடியை நிறுத்த ஆசையுள்ளவர்கள் ஞாயிறு மாலை நாலு மணிக்கு இன்னாசியின் வலைக்கொட்டகைக்கு வரலாம். நடத்துபவர்களும் குடித்தவர்களே.’ கிழித்துவந்தேன். சோற்றுப் பருக்கை வைத்து நைனாவின் சட்டை முதுகில் ஒட்டியாயிற்று. அவருக்குப் படிக்கத் தெரியாது. முதுகில் கண்ணும் கிடையாது. காலையில் போட்டுக்கொண்டு போவார்.

ஜூன் 7

துறைமுகமே சிரித்திருக்கிறது. வந்ததும் காகிதத்தை என் முன்னால் போட்டார். அடிக்குத் தயாராகத் தலையைக் குனிந்தேன்.

“இன்னா எய்திகீது? படி.”

படித்தேன்.

“மறுக்கா படி.”

அடிக்கவில்லை. இன்றைக்குக் குடித்திருக்கவும் இல்லை.

ஜூன் 10, ஞாயிறு

அம்மா என்னைக் காவலுக்கு அனுப்பினாள். “கள்ளுக்கடை பக்கம் திரும்பினா சட்டையப் புடிச்சி இஸ்துகினு போ, ஜெயக்கொடி.” திரும்பவில்லை. எச்சில் மட்டும் விழுங்கினார்.

கொட்டகையில் ஏழு பேர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் வரிசையாக ஆணி, ஒவ்வொன்றிலும் ஒரு குவளை. சேருகிறவன் தான் குடித்த குவளையைக் கொண்டுவந்து மாட்டவேண்டும். மறுபடி குடித்துவிட்டால், எல்லார் முன்னாலும் வந்து கழற்றிக்கொண்டு போகவேண்டும். யாரும் தடுக்கமாட்டார்கள்.

“இங்க பேசறது இங்கியே கெடக்கணும். வெளிய போச்சி, ஒருத்தன் வரமாட்டான்” என்றார் இன்னாசி மாமா, என்னைப் பார்த்தே. பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

வண்டி இழுக்கிற வரதன் மாமா, எங்கள் தெருக்காரர், பேசினார். விக்கி விக்கித்தான் பேச்சு வருகிறது. அவருடைய குழந்தை செத்த அன்று, புதைக்கத் தூக்குமுன் காலில் இருந்த வெள்ளிக் கொலுசைக் கழற்றிக் கள்ளுக்கடைக்குக் கொண்டுபோனாராம். “கயட்ட வரலப்பா... எச்சி தொட்டு... தடவி கயட்டினேன்.”

ஜூன் 17

நைனா குவளையை மாட்டினார். எட்டாவது ஆணி. “பத்து நாளா தொடல” என்றார். வரதன் மாமா அவர் கையைப் பிடித்தவர் கடைசிவரை விடவே இல்லை.

ஜூன் 27

நைனா பொரி வாங்கிவந்தார். எனக்கென்று!

ஜூலை 2

குழாயடியில் நீண்ட வரிசை. “இன்னாடி, இப்பல்லாம் உம்முனு கீற? எதுனா செஞ்சி காட்டேன்” என்றாள் வேம்பு. நைனாவை வைத்துச் சொல்ல இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை.

வரதன் மாமாவைச் செய்துகாட்டினேன். விக்கல், எச்சில், கொலுசு எல்லாம். கண்ணை மேலே உருட்டுவது மட்டும் நானாகச் சேர்த்தது. பேரைச் சொல்லவில்லை. ஆனால் அந்த விக்கலுக்குப் பேர் வேண்டுமா?

விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஜூலை 8

வரதன் மாமா கொட்டகைக்கு வந்தார். உட்காரவில்லை. குவளையைக் கழற்றினார். போகும்போது என் முன்னால் நின்றார். “நல்லா செஞ்சியாமே, கண்ணு.” அவ்வளவுதான்.

வழி முழுக்க நைனா எனக்கு முன்னால் நடந்தார். வாசலில் வந்துதான் கேட்டார். “நீயா?”

பொய் நூறு தெரியும் எனக்கு. ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஜூலை 12

கள்ளுக்கடை வாசலில் கூட்டம். நடுவில் வரதன் மாமா கொலுசுக் கதையைச் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் யாராவது குவளையில் ஊற்றுகிறார்கள். “மறுக்கா, மாமு, மறுக்கா!”

கண்ணை மேலே உருட்டினார். நான் சேர்த்தது அது.

ஐயோ, நான் இன்னா பண்ணி வச்சிக்கீறேன்.

நைனா உள்ளே நுழைந்து அவரை இழுத்துவந்தார்.

ஜூலை 14

இன்றும் இழுத்துவரப் போனார். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு வந்தார்கள். யார் யாரை இழுத்துவந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 15

நைனா முறைப்படி கொட்டகைக்குப் போய்க் குவளையைக் கழற்றிவந்தார். என்னைக் கூட்டிப்போகவில்லை.

ஜூலை 18

மறுபடி கன்னம் வீங்கியது. தண்ணீருக்கு அம்மா போனாள்.

ஜூலை 22, ஞாயிறு

மத்தியானம் நைனா தூங்கினார். தலைமாட்டில் இருந்த குவளையை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். நாற்றம் முழுசாகப் போகவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு தனியாக நடந்தேன்.

கொட்டகையில் ஐந்து பேர்தான். நின்றபடியே சொன்னேன்: “வரதன் மாமா சொன்னத வெளிய சொன்னது நான்தான். சிரிக்கவைக்கறதுக்காகச் சொன்னேன்.” யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

குவளையை அதே ஆணியில் மாட்டினேன்.

“இன்னாம்மா, நைனா வர்லியா?” என்றார் இன்னாசி மாமா.

“குவள வந்துகீது.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கவைக்க நான் சொல்லவும் இல்லை. இன்னாசி மாமா வலையை நகர்த்தி உட்கார இடம் விட்டார். எதிரே வரதன் மாமாவின் வெற்று ஆணி. கூட்டம் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.