ஃபெர்ரித் தூக்கம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வேலை தேடப் போர்ட் பிளேர் போவதாகச் சொல்லிவிட்டுத் தினமும் எங்கள் ஊர் பாம்பூஃப்ளாட்டில் ஃபெர்ரி ஏறுகிறேன். அக்கரையில் சாத்தாம் துறையில் இறங்குவதில்லை. பெஞ்சில் தூங்கியபடியே போய்த் திரும்புகிறேன். பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்த நாளிலிருந்து வீட்டில் தூக்கம் பிடிப்பதில்லை.

இன்று என் மனைவி சரோஜா மார்க்கெட்டுக்குப் போக அதே ஃபெர்ரியில் ஏறிவிட்டாள். குடித்துவிட்டுக் கிடக்கிறேன் என்று நினைத்து, குனிந்து என் வாயை முகர்ந்தாள். டிக்கெட் கிழிப்பவர்தான் அவளை இந்தியில் அண்ணி என்றும் என்னைப் பட்டாளத்து அண்ணன் என்றும் முறை வைத்துச் சொன்னார்.

"பாபி, ஃபௌஜி பாய் குடிக்க மாட்டாரு. டெய்லி இங்க வந்து தூங்குவாரு. நாங்க எழுப்புறதில்ல."

இருவரும் வீடு திரும்பினோம். சோறு போடும்போதுதான் கேட்டாள்.

"அந்த எஞ்சின் சத்தத்துல வர்ற தூக்கம் வீட்டுல ஏன் வரல?"

"பார்டர்ல ஒருத்தன் தூங்குனா இன்னொருத்தன் முழிச்சிருப்பான். ஃபெர்ரியில ஓட்டுறவரு முழிச்சிருக்காரு. வீட்டுல எல்லாரும் தூங்கிட்டா யாரு பாக்குறது?"

பார்டர் சண்டையைப் பற்றி அவளிடம் நான் பேசியது இவ்வளவுதான்.

ராத்திரி வாசற்கதவுப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க படுங்க. நான் முழிச்சிருக்கேன்."

கொஞ்ச நேரத்திலேயே அவள் தலை தொங்கிவிட்டது. பட்டாளத்தில் காவல் நேரத்தில் தூங்கிய ஜவானை நானே மேலதிகாரி சுபேதாரிடம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். இவளுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு இதை எழுதுகிறேன்.

பாயை அவள் காலடியில் விரித்திருக்கிறேன். கதவுக்கு முதுகைக் காட்டிப் படுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.