மணல் மூட்டைக்குக் கழுத்து கிடையாது

மார்ச் 4, செவ்வாய்

இன்று கான்டீனில் மச்சினன் ஏழு பேரை உட்கார வைத்துப் பாடம் நடத்தினான். இடது கால் எதற்கு என்பதுதான் பாடம். ஆட்டோமேட்டிக் கியர் வந்து கிளட்ச் போன பிறகு காரில் அதற்கு வேலையே இல்லையாம், வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரலாமாம். ஏழு பேரும் சிரித்தார்கள். அடுத்த மேஜையில் முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்தேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், தன் தம்பிக்கு ஏதாவது வழி பண்ணச் சொல்லி என் மனைவி நச்சரித்ததால், இவனைக் கையைப் பிடித்து இந்தத் தொழிற்சாலைக்குள் விட்டவன் நான். என் புத்தியை நானே நொந்துகொள்ள வேண்டும். இன்று ஆட்டோமேட்டிக் கியர் பிரிவுக்கு அவன் தலைவன், அவனுக்குக் கீழே இருபத்தாறு பேர். கையால் கியர் மாற்றும் மேனுவல் பிரிவுக்கு நான் தலைவன். என்னையும் சேர்த்து நாலு பேர்.

மார்ச் 11, செவ்வாய்

மேடம் எல்லாரையும் கூப்பிட்டார். மேடம் என்றால் எங்கள் டிவிஷன் தலைவர். வரப்போகிற புது ஸ்போர்ட்ஸ் செடானில் இரண்டு கியர்பாக்ஸும் வேண்டுமா, ஆட்டோமேட்டிக் மட்டும் போதுமா என்று ஏப்ரலில் முடிவு செய்யப் போகிறார்களாம். மேனுவல் வேண்டாம் என்றால் என் பிரிவையே மூடிவிடுவார்கள். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, பேனாவைப் பார்த்தார்.

மூன்று வருஷமாக அந்தக் கியர் லீவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு சின்ன ‘டக்’. அந்த ஒரு ‘டக்’குக்காக நாற்பத்தொரு ஸ்பிரிங் மாற்றிப் பார்த்தேன். பேனாவைப் பார்க்கிறாராம்.

எது ஸ்போர்ட்ஸ் செடான் என்று இரண்டு பிரிவுத் தலைவர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். பள்ளிக்கூடம்!

மார்ச் 12, புதன்

எழுதிவிட்டேன். குதிரைத்திறன் மட்டும் போதும் என்றால் லாரியும் ஸ்போர்ட்ஸ்தான். பின்னால் ஒரு இறக்கையை ஒட்டி, சீட்டுக்குச் சிவப்பு நூலில் தையல் போட்டுவிட்டால் ஸ்போர்ட்ஸ் செடான் ஆகிவிடாது. வளைவில் திருப்பும்போது சாலை எப்படி இருக்கிறது என்று ஸ்டியரிங் கைக்குச் சொல்ல வேண்டும். வண்டி தாழ்வாக, இறுக்கமாக நிற்க வேண்டும். பிரேக் பத்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக எந்தக் கியரில் போவது என்பதை ஓட்டுகிறவன் தீர்மானிக்க வேண்டும். அதைப் பெட்டி தீர்மானித்தால் அவன் ஓட்டுநர் இல்லை, முன் சீட்டுப் பயணி. இப்படித்தான் எழுதினேன். கொஞ்சம் காரமாக இருக்கலாம். இருக்கட்டுமே.

மச்சினன் ஒரு பக்கம் எழுதவில்லை. மூன்றே வரி. ஸ்போர்ட்ஸுக்கு இரண்டு கதவு போதும், செடானுக்கு நாலு கதவு எதற்கு, பின்னால் ஆள் உட்காருவதால்தானே என்று கேட்டிருக்கிறான். பின்னால் இருப்பவருக்கும் வண்டி பிடித்தால்தான் அது ஸ்போர்ட்ஸ் செடானாம். மேடம் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். என்னுடையதைப் படிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

அவனுடைய பெட்டி பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட என்னுடையதைவிட அரை விநாடி குறைவாக எடுத்துக்கொள்கிறது. எட்டு கியர், கண் சிமிட்டுவதற்குள் மாறுகிறது. எந்த மனிதக் கையாலும் முடியாது. தெரியும். எனக்குத் தெரியாததையா சொல்லிவிட்டான்? சீக்கிரம் போய்ச் சேருவதற்கு ரயில் இருக்கிறது.

இதை அவனிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே தோளில் தட்டிவிட்டுப் போனான். தோளில் தட்டுகிறான்! என் கல்யாணத்தில் அரை டிராயர் போட்டுக்கொண்டு சுற்றிய பயல்.

ஏப்ரல் 2, புதன்

நாளைக்குச் சோதனை. வழக்கமாகப் பின் சீட்டில் ஆள் எடைக்கு மணல் மூட்டை கட்டி ஓட்டுவோம். இந்தத் தடவை மேடம் முதல் மூன்று சுற்றுக்குத்தான் மூட்டை என்றார். கடைசி இரண்டு சுற்றில் ஆள் உட்கார வேண்டும், மணல் மூட்டைக்குக் கழுத்து கிடையாது என்றார். உட்காருகிறவரின் தலை எவ்வளவு ஆடுகிறது என்று அளக்க ஒரு கருவியைப் பட்டை போட்டு மாட்டப் போகிறார்கள். அளவு பத்தைத் தாண்டினால் தோல்வி. பாரபட்சம் இருக்கக் கூடாது என்பதால் அவன் வண்டியில் நான் உட்கார வேண்டும், என் வண்டியில் அவன்.

என் வண்டியை நானே ஓட்டுகிறேன். வேறு யாரை நம்புவது?

ஏப்ரல் 3, வியாழன்

முதலில் அவன் வண்டி. ஓட்டியது அவன் பிரிவு ஆள். நான் பின்னால் ஏறி, பட்டையை மாட்டிக்கொண்டு, எங்கே குலுங்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்றில்... எழுதவே வெட்கமாக இருக்கிறது. தூங்கிவிட்டேன். நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லை, அதுதான் காரணம். வண்டி நின்று கதவு திறந்ததும்தான் விழித்தேன்.

மச்சினன் கதவைப் பிடித்துக்கொண்டு மேடம் பக்கம் திரும்பி, “அத்தானே தூங்கிட்டாரு மேடம். இதுக்கு மேல என்ன சர்ட்டிபிகேட் வேணும்?” என்றான். மேடமும் சிரித்தார். என் பிரிவு ஆட்களே சிரித்தார்கள்.

பிறகு என் வண்டி. மூட்டையோடு மூன்று சுற்று. இருபத்து மூன்று வருஷத்தில் அவ்வளவு நன்றாக நான் ஓட்டியதில்லை. லீவரை விரல் நுனியால் தள்ளினால் போதும், கிளட்ச் வெண்ணெய். அப்புறம் மூட்டையை இறக்கிவிட்டு அவனை ஏற்றினார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அதே சிரிப்பு.

ஆமா, வேணும்னுதான் பண்ணேன். இங்க எழுதாம வேற எங்க எழுதறது? ரெண்டாவது கியர்ல கிளட்சை அப்படியே விட்டேன். அவன் தலை பின்னால அடிச்சுச்சு. நாலுலேருந்து நேரா ரெண்டுக்கு இறக்கினேன், முன்னால வந்துச்சு. ஒவ்வொரு வளைவுலயும். வாந்தி எடுக்கணும், எல்லாரும் பாக்கணும், அவ்வளவுதான் மண்டைல ஓடிச்சு. ரெண்டு சுத்து.

இறங்கும்போது அவன் சிரிக்கவில்லை. வாந்தியும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

கணக்கு வந்துவிட்டது. அவன் வண்டியில் என் தலை ஆடியது ஆறு. என் வண்டியில் அவன் தலை ஆடியது இருபத்து மூன்று.

மூடன். வடிகட்டின மூடன் நான். அவனை வதைக்கிறேன் என்று என் கியர்பாக்ஸின் தலையில் கல்லைப் போட்டிருக்கிறேன். கருவி தலைக்கு மட்டும்தான். ஓட்டுகிறவன் கிளட்சில் என்ன செய்தான் என்று எங்கேயும் பதிவாகவில்லை. எனவே பழி முழுவதும் பெட்டிக்கு. மேனுவலை நீக்கலாம் என்று மேடம் பரிந்துரை எழுதப் போகிறார். பதினாறாம் தேதி முடிவு.

வேண்டுமென்றே செய்தேன் என்று சொன்னால் கியர் பிழைக்கும். கூட வேலை செய்கிறவனைச் சோதனைத் தடத்தில் வைத்துக் காயப்படுத்தியவனுக்கு இங்கே என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 9, புதன்

மச்சினன் கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறான். கேட்பவர்களிடம் தூங்கும்போது பிடித்துக்கொண்டது என்கிறான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வீட்டுக்கு வந்தான். அக்காவிடமும் அதே கதைதான், தலையணை சரியில்லையாம். அவள் சூடு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே எந்தப் பக்கம் வலிக்கிறது, எப்படித் திரும்பினால் வலிக்கிறது என்று நோண்டி நோண்டிக் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பிரித்தேன்.

அவன் கிளம்பும்போது மாடிப்படி வரைக்கும் போனேன். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். நன்றி சொல்லப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். என் மேல் இவன் எதற்கு இரக்கப்பட வேண்டும்?

“நான் சொன்னா உங்க வேலை போகும் அத்தான். சொல்லலைன்னா உங்க கியர் போகும். எனக்கு ரெண்டாவதுதான் வசதி, அதான் சும்மா இருக்கேன். என்னை நல்லவன்னு நெனச்சுடாதீங்க.”

படி இறங்கும்போது உடம்பு முழுவதையும் திருப்பித்தான் அவனால் பக்கத்தில் பார்க்க முடிந்தது.

உள்ளே வந்தால் அவள் ஒத்தடத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நீங்கள்தானே என்றாள்.

“பத்தொம்பது வருஷமா உங்க வண்டில உக்காந்து வரேன். உங்களுக்குக் கோவம்னா, நீங்க வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே என் கழுத்துக்குத் தெரியும். அவனுக்கு அது தெரியாது, பாவம்.”

சொல்லிவிட்டு மடித்த துணியை உள்ளே வைக்கப் போய்விட்டாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

ஏப்ரல் 14, திங்கள்

அவள் சொன்னது பொய். நான் நன்றாகத்தான் ஓட்டுவேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு கீறல் உண்டா?

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வீட்டு ஓனரோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிய அன்று. அவள் வேலையை விட மாட்டேன் என்ற அன்று. டாக்டர் வீட்டிலிருந்து திரும்பிய அன்று. அன்றெல்லாம் நான் ஒரு வார்த்தை திட்டியதில்லை. பெருமையாகக்கூட நினைத்திருக்கிறேன், எவ்வளவு அடக்கமாக இருந்தேன் என்று. எல்லாவற்றையும் கிளட்சில் இறக்கியிருக்கிறேன்.

ஆட்டோமேட்டிக்கில் அது நடந்திருக்காது. இதை எழுதும்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

மேடத்திடம் கடிதம் கொடுத்தேன். மூன்றாம் தேதி கடைசி இரண்டு சுற்றில் பதிவானது கியர்பாக்ஸின் குறை இல்லை, பின்னால் இருந்தவரை வதைக்க வேண்டும் என்றே அப்படி ஓட்டினேன் என்று இரண்டு வரி.

இரண்டு தடவை படித்துவிட்டு, “மனசு உறுத்தித்தான் எழுதினீங்களா, இல்ல கியர்பாக்ஸக் காப்பாத்தவா?” என்று கேட்டார்.

கியர்பாக்ஸுக்காக என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 17, வியாழன்

விசாரணை. வேலை போகவில்லை. மச்சினன் புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். தடத்தில் வண்டி ஓட்டும் அனுமதி நிரந்தரமாக ரத்து. பிரிவுத் தலைவர் பதவியும் போனது. முடிவைத் தள்ளி வைத்துவிட்டு மறுசோதனை வைக்கிறார்கள்.

வராந்தாவில் மச்சினன் என்னை மறித்தான். ஜெயித்துவிட்டிருந்தேனே, ஏன் கெடுத்தீர்கள் என்று பொரிந்து தள்ளினான். அப்படி வந்த ஜெயத்தை வைத்துக்கொண்டு என்னடா பண்ணப் போகிறாய் என்று நானும் கேட்டேன். இரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து அறைக் கதவைச் சாத்தினார்கள். பதினோரு வருஷத்தில் நாங்கள் நேருக்கு நேர் சண்டை போட்டது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 29, செவ்வாய்

மறுசோதனை. என் மேனுவலை பிரேக் பிரிவுப் பெண் ஒருத்தி ஓட்டினாள், கோபதாபம் எதுவும் இல்லாதவள். பின் சீட்டில் யார் என்று கேட்டபோது மச்சினன் கை தூக்கினானாம். கழுத்துப் பட்டையை முந்தாநாள்தான் கழற்றினான், கிறுக்கன். டாக்டர் கொடுத்த அனுமதிச் சீட்டோடு வந்திருக்கிறான். இவனுக்கு எதற்கு இந்த வீம்பு?

எனக்கு உள்ளே போக அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டேன். இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொரு மாற்றமும் சுத்தமாக விழுந்தது. அவள் மூன்றாவது கியரை இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்.

சாயங்காலம் கணக்கு வந்தது. எட்டு.

மே 15, வியாழன்

மேனுவல் உண்டு. எட்டு வண்டிக்கு ஒன்று. கியர் பிரிவு இரண்டையும் ஒன்றாக்கி மச்சினனைத் தலைவன் ஆக்கிவிட்டார்கள். என்னை இரண்டாவது மாடிக்கு அனுப்பிவிட்டார்கள், வண்டியோடு வாங்குகிறவருக்குக் கொடுக்கும் கையேடு எழுதுகிற இடம். ஜன்னல் ஓரத்து மேஜை. கீழே தடம் தெரிகிறது. வேண்டுமென்றே அங்கே போட்டார்களோ என்னவோ.

மே 16, வெள்ளி

என் மனைவி இப்போதெல்லாம் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள். கொண்டுவிடட்டுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மேனுவல் கியர் அத்தியாயம் திருத்தம் போட்டுத் திரும்பி வந்தது. நாலு பக்கம். கிளட்ச் எங்கே பிடிக்கும், மேட்டில் எப்படிக் கிளம்புவது, இறக்கத்தில் எந்தக் கியர் என்று எல்லாம் இருக்கிறது. ஒரு எழுத்துப் பிழை. கடைசிப் பக்கத்தில் யாரும் கேட்காமல் நானாக ஒரு வாக்கியம் சேர்த்திருந்தேன்: ‘ஓட்டுபவர் கோபமாக இருந்தால் பின்னால் இருப்பவரின் கழுத்துக்கு அது தெரியும்.’

அடித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் இருந்தது: ஆதாரம் என்ன, எந்தச் சோதனை? மச்சினன் கையெழுத்து. கியர் பற்றி அச்சுக்குப் போவதெல்லாம் இப்போது அவன் பார்த்துத்தான் போக வேண்டும். அவனுக்குத் தெரியாதா? என் கையாலேயே எழுத வைக்க வேண்டும் அவனுக்கு.

கேள்விக்குக் கீழே ஏப்ரல் 3, கடைசி இரண்டு சுற்று, ஓட்டியவர் நான் என்று மையால் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.