மருமகனின் சுதந்திரமும் வீட்டுச் சாவியும்

ஓல்டன் நகரிலிருந்து

அன்புத் தங்கை மேபலுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னை அழைத்த மருமகன் யூஜின், அரசாங்கம் மனிதர் வாழ்வில் தலையிடக் கூடாதென்று தினமும் முழங்குகிறார். அமெரிக்காவை நிறுவியவர்கள்தான் அவருக்குப் புனிதர்கள். எனக்கோ வீட்டுச் சாவி தரவில்லை. பூசைக்குப் போகவும் அவர் அனுமதி வேண்டும்.

நேற்று விருந்தினர் முன் சாவி கேட்டேன்.

“மாமி, நீங்கள் துலைச்சுப் போடுவியள். உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்.”

“தம்பி, அமெரிக்காவை ஆண்ட அந்த இங்கிலாந்து ராசாவும் இப்பிடித்தானே சொல்லியிருப்பார்?”

விருந்தினர் சிரித்தார்கள். யூஜின் இன்னொரு கோழிக்காலைத் தன் தட்டில் எடுத்து வைத்தார். மகள் தன் சாவியை என் கையில் வைத்தாள்.

மிளகாய்த்தூள் அனுப்பு. கடிதம் நீளமாக எழுது; பகலில் கதைக்க ஆளில்லை.

பூசைக்கு நேரமாகிறது. கதவை நானே பூட்டிக்கொண்டு போகிறேன்.

அக்கா றெஜினா