உன்னைப் பேயாக்கியது நான்தான், சின்னத்தாத்தா

என் பிரியத்துக்குரிய ஹெரால்டு சின்னத்தாத்தாவுக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பேயாக்கியது நான்தான். சில வருடங்களுக்கு முன், சின்னமனூர் டீக்கடையில் நாலு பேர் சிரிக்க வேண்டும் என்பதற்காக, மலைப்பாதையில் ஜீப்பை மறித்து "ரொட்டி இருக்கா, பட்டர் இருக்கா?" என்று கேட்கிற வெள்ளைக்காரப் பேய் ஒன்றை அவிழ்த்துவிட்டேன். சிரித்தார்கள். எனக்கு அது போதும். ஐம்பது தாண்டியும் கைதட்டலுக்கு அலைகிற பிறவி நான்.

உன்னை 'நீ' என்று கூப்பிடலாமா? செத்தபோது உனக்கு இருபத்தொன்று. என் மகனுக்கே இப்போது இருபத்துநாலு. ஆனாலும் முறை முறைதான்.

உலகப்போர் நடந்தபோது, குண்டு போடும் விமானம் ஒன்று மேகத்துக்குள் வழி தெரியாமல் எங்கள் மலையில் மோதியது. அதிலிருந்து குதித்த நீ தனியாக ஒரு சரிவில் கிடந்தாய். விறகுக்குப் போன என் தாத்தா பார்த்துவிட்டு, மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு உன்னைத் தோளில் சுமந்து அடிவாரத்துக்கு இறக்கினார். பட்டாளத்து லாரி வந்து உடம்பை வாங்கிக்கொண்டு போனது. உன் பெயர், உன் வயது, சொந்த ஊர் கனடா என்பது. லாரியில் வந்தவர்களிடம் தாத்தா கேட்டுவைத்துக்கொண்டது அவ்வளவுதான்.

மறுநாள் மொட்டைத் தலையோடு வந்து நின்றாராம். "ஏலே, அந்த வெள்ளைக்காரன் ஒனக்கு என்னடா முறை?" என்று ஊரே கேட்டிருக்கிறது.

"தம்பி முறை. தூக்குனவன் நானு. அவனுக்கு இங்கன வேற யாரு இருக்கா?"

பிறகு நீ விழுந்த இடத்தில் உன் பெயர் வெட்டிய ஒரு கல் நட்டார். அன்றிலிருந்து ஆடி அமாவாசைக்கு வாழையிலையில் பட்டர் தடவிய ரொட்டியும் ஒரு சிகரெட்டும் உனக்குப் படையல். வெள்ளைக்காரன் வேறென்ன தின்பான் என்று எங்களுக்கு யார் சொன்னது? ஒரு வருடம் என் அத்தை மட்டும் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். "வருசா வருசம் காய்ச்சல்காரனுக்குக் குடுக்குறதையே குடுத்தா பிள்ள என்னத்துக்கு ஆகும்?"

இனி இப்போதைய சேதி. ஜீப்காரர்கள் என் கதையைப் பிடித்துக்கொண்டார்கள். நீ விழுந்த இடத்துக்குப் பெயர் 'பேய் பாயிண்ட்'. போன மாதம் அடிவாரத்து விடுதிக்காரர்கள் உன் கல்லையே பெயர்த்துக்கொண்டுபோய்த் தங்கள் பார் வாசலில் நட்டுவிட்டார்கள். பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பொம்மை. அதன் கையில் பீர் கோப்பை. வருகிறவனெல்லாம் அதன் தோளில் கை போட்டுப் படம் எடுக்கிறான்.

என் மனைவியின் தம்பி செல்வத்தைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"கல்லக் குடுங்க. எங்க தாத்தா நட்டது" என்றேன்.

மேலாளருக்கு ஒரே சந்தோஷம். "சார், பேய்க்கதை சொன்னவரு நீங்கதான? எங்க விளம்பர வீடியோவுல உங்க பேரையும் போட்ருக்கோம் சார். ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?"

செல்வம் என் காதோரம் குனிந்தான். "மச்சான், கைய ஓங்கிட்டேன். அவன அடிக்கவா, ஒங்கள அடிக்கவா?"

அந்த வீடியோவில், கல்லில் இருந்த உன் பெயரைக் கனடாவில் உன் தங்கையின் பேத்தி பார்த்திருக்கிறாள். தேடிப்பிடித்து எனக்கு எழுதியிருந்தாள். "இது எங்கள் பாட்டியின் அண்ணன்தானா? ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள்?" இரண்டே கேள்வி. வாய் ஓயாத எனக்குப் பதில் எழுத மூன்று நாள் ஆனது.

வயிறு எரிகிறது, சின்னத்தாத்தா. யார் மேல் காறித் துப்புவது? கல்லைத் திருடியவன் மேலா? சிரிக்கக் கொடுத்த என் மேலா? எங்களை ஆண்ட அதே துரைமார்தான் உன்னையும் கூப்பிட்டு, பேர் தெரியாத மலைமேல் பறக்கவிட்டார்கள். போரை அறிவித்தவர்களில் ஒருவனாவது அந்த மேகத்துக்குள் இருந்தானா? அவன் சாப்பாட்டு மேசையில் இருந்திருப்பான். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? உன் அம்மாவிடம்? பெற்றவளுக்கு ஒரு காகிதம் போயிருக்கும். முன்பின் தெரியாத ஒரு விறகுவெட்டி உனக்காக மொட்டை போட்டான் என்று அந்தக் காகிதத்தில் எவன் எழுதியிருப்பான்?

அந்த மொட்டை போட்டவரின் பரம்பரையில் வந்த நான், உன் கையில் பீர் கோப்பையைக் கொடுத்திருக்கிறேன்.

கேட்டுக்கொள். வருகிற ஆடி அமாவாசைக்குள் கல் மேலே போகும். கேட்டுத் தந்தால் சரி. தராவிட்டால் பார் வாசலில் உட்காருவேன், குடிக்க வருகிற ஒவ்வொருவனிடமும் உன் நிஜக் கதையைச் சொல்லுவேன், ஒருத்தனுக்கும் ஒரு மடக்கு இறங்காது. தூக்க நாலு தோள் தயார். தூக்குகிறவன் மொட்டை போடவேண்டும், அதுதானே நம் வழக்கம்? என் தலையில் நாவிதருக்குப் பெரிய வேலை இருக்காது, ஆனாலும் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைத் தம்பி என்றவரின் பேரன்,
ஆகவே உனக்கும் பேரன்.

பி.கு.: கடிதத்தை மூடும்போது உன் தங்கை பேத்தி ஒரு படம் அனுப்பினாள். பட்டாள முகாமில் நீ எடுத்துக்கொண்ட கடைசிப் படமாம். படுக்கை விரிப்பைத் தலையோடு போர்த்திப் பேய் வேஷம் போட்டு நிற்கிறாய். கையில் கோப்பை. சுற்றி நிற்கிற பயல்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.